சார்ஜர் வீட்டுப் பேன்

அலுவலகத்தில் அவருக்குச் சார்ஜர் என்று பெயர். யாருடைய கைபேசி எந்த நேரத்தில் உயிரை விட்டாலும் அதற்கேற்ற வயர் அவர் பையில் இருக்கும், அதனால் வந்த பெயர். கணினிகளையும் அவற்றை இணைக்கும் வயர்க்காட்டையும் மேய்ப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது என்பாள் மனைவி. வீட்டில் ஆள் வந்தால் விளக்கு எரியும், போனால் அணையும். தரையைப் பெருக்க வட்டமாக ஒரு இயந்திரம் உண்டு. நாள் தவறாமல் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு உதவிக்குக் கூப்பிடும். மகளுடைய பல் துலக்கும் பிரஷ்கூடச் சும்மா இருப்பதில்லை. எந்தப் பல்லை அவள் ஏமாற்றினாள் என்று அவர் கைபேசிக்குக் கோள் சொல்லிவிடும்.

மகளுக்கு எட்டு வயது. அவர் அவளை வாண்டு என்று கூப்பிடுவார். சாயங்காலங்களில் இருவரும் சோபாவில் தலையோடு தலை முட்டிக்கொண்டு டேப்லெட்டில் ஊர் கட்டுவார்கள். அவர் சாலை போடுவார், அவள் அதன் நடுவில் வீட்டைக் கட்டிவிட்டுச் சிரிப்பாள்.

இந்த மனிதர் கருவிகளை ஏன் இவ்வளவு நேசித்தார்? அவை புத்திசாலிகள் என்பதால் என்று அவரே சொல்லிக்கொள்வார். எனக்கென்னவோ, அவை காய்ந்தவை என்பதால்தான் என்று தோன்றுகிறது. கருவிக்கு மூக்கு ஒழுகாது, வியர்க்காது, கெட்டுப்போனாலும் நாறாது. குழந்தையோ எந்நேரமும் எங்கேயாவது ஈரமாக இருக்கிற ஜீவன். சாப்பிட்ட கையோடு வாண்டு டேப்லெட்டைத் தொட்டால் அவர் முதுகில் ஏதோ ஊரும். சட்டைப்பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து முதலில் டேப்லெட்டின் கண்ணாடியைத் துடைப்பார், பிறகுதான் குழந்தையின் கையை. இதைச் சுத்தம் என்று அவர் நினைத்தார். மனிதர்கள் தங்கள் அருவருப்புக்கு வைத்துக்கொள்கிற மரியாதையான பெயர் பெரும்பாலும் அதுதான்.

மனைவி கணக்குத் தணிக்கைக்காக வெளியூர் போயிருந்த வாரத்தில், அலுவலக நேரத்தில் வகுப்பு ஆசிரியை போன் செய்தார்.

“சார், பாப்பா தலையில பேன் இருக்கு. கொஞ்சம் அதிகமாவே இருக்கு. கூட்டிட்டுப் போய், தலை சுத்தமானதும் அனுப்புங்க. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான்.”

“எங்க வீட்லயா? மேடம், எங்க வீட்ல காத்தையே வடிகட்டித்தான் உள்ள விடுறோம்.”

“பேன் காத்துல வராது சார்,” என்றார் ஆசிரியை. “தலையில இருந்து தலைக்கு வரும்.”

அதைக் கேட்ட நொடியிலிருந்து அவருக்குத் தலை அரிக்க ஆரம்பித்தது.

பள்ளி வாசலில் வாண்டு ஓடி வந்தாள். வழக்கமாகத் தூக்கிக்கொள்கிற மனிதர், அன்று கார் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். பின் சீட்டில் ஒரு துண்டு விரித்திருந்தது. வழியில் மருந்துக்கடையில் இறங்கி, கையுறை ஒரு பெட்டி, தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி, பேன் மருந்து, மின்சாரப் பேன் சீப்பு என்று அள்ளினார்.

“இவ்வளவு எதுக்கு சார்?” என்றார் கடைக்காரர். “மருந்து, ஒரு சாதாப் பேன் சீப்பு, கொஞ்சம் பொறுமை. மூணாவது மட்டும் எங்கிட்ட ஸ்டாக் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. சாதாச் சீப்பையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் போர் தொடங்கியது. மழைக்கோட்டு, கையுறை, முகமூடி சகிதம் அவர் பின்னால் நிற்க, வாண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மின்சாரச் சீப்பு தேனீ மாதிரி ரீங்காரமிடும், பேன் பட்டால் நின்றுவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. வாண்டுவின் சுருட்டை முடியில் அது பேன் பட்டும் நின்றது, சிக்குப் பட்டும் நின்றது, கடைசியில் எதுவும் படாமலே நின்றது.

“ஆ! அப்பா, இழுக்காத! வலிக்குது!”

“ஆடாம இருடா.”

“நான் ஆடல. அந்தக் குளவிதான் ஆடுது!”

ஒரே ஒரு பேன் சிக்கியது. சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்க அவர் வைத்திருந்த குட்டி நுண்ணோக்கிக் கேமராவின் அடியில் அதை வைத்து டிவியில் இணைத்தார். எதிரியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். டிவியை அடைத்துக்கொண்டு, தலையணை அளவில் ஒரு பேன் எழுந்து நின்றது. சாம்பல் நிற உடம்பு, கொக்கிக் கால்கள்; வயிற்றுக்குள் கரும்பழுப்பாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

“ஹை! அப்பா, அதுக்கு வயித்துக்குள்ள என்ன அது?”

“உன்... உன் ரத்தம்.”

“என் ரத்தமா! டிவியில வருதே!” வாண்டு கைதட்டினாள்.

அவர் கழுவுதொட்டிக்கு ஓடினார். மதியம் சாப்பிட்டது மொத்தமும் வெளியே வந்தது.

மருந்து போட்டு அலசியும் ஈர் போகவில்லை. வீடியோவில் வந்த மனைவி மகளின் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள்.

“ஈர் சீப்புல பாதிதான் வரும். வகிடு வகிடாப் பிரிச்சுக் கையால உருவுங்க.”

“கையாலயா?”

“பின்ன, ரிமோட்லயா?”

“என்னால முடியாது. உனக்குத் தெரியும்ல.”

“தெரியாம என்ன? இவ பொறந்தப்ப டயப்பர் மாத்தச் சொன்னா இடுக்கி தேடின ஆளுதானே நீங்க! நான் வர்ற வரைக்கும் அது இன்னும் பெருகும். பாத்துக்கோங்க.”

அவர் பார்த்துக்கொண்டார், தன் வழியில். வாண்டுவின் தலையணையும் துணிக் கரடியும் கறுப்புப் பைக்குள் போயின; பைக்கு முடிச்சு விழுந்தது. சோபாவுக்கு அவள் வரக்கூடாது என்றாயிற்று. அவளுக்கென்று தரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு; தட்டும் அங்கேயே வந்தது. ஊர் கட்டுகிற விளையாட்டு நின்றுபோயிற்று. அவர் அறையின் இந்தக் கோடியிலிருந்து பேசினார், அவள் அந்தக் கோடியிலிருந்து பதில் சொன்னாள். அவர் அவளைத் திட்டவில்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. முகம்தான் எல்லாவற்றையும் சொன்னது. அருவருப்பை மறைக்கத் தெரிந்த முகம் அரிது, அதைப் படிக்கத் தெரியாத குழந்தையும் அரிது.

“அப்பா, நான் எப்ப சுத்தமாவேன்?” என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

“இன்னும் ரெண்டு ரவுண்டு மருந்து போடணும்,” என்றார் அவர். கணினி எப்போது சரியாகும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிற அதே தொனி.

மறுநாள் சாயங்காலம் உள்ளறையில் அலுவலக வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார். வாண்டு தன் விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி. முன்னால் அவருடைய டேப்லெட். கைகளில் அவருடைய கையுறை, விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. அந்தத் தொங்கலால் கண்ணாடியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இதுக்கு என்னைத் தெரியல.”

“என்ன தெரியல?”

“தொட்டா திறக்க மாட்டேங்குது. எனக்குப் பேன் இருக்குன்னு இதுக்கும் தெரிஞ்சுபோச்சா?”

அவர் விரிப்பின் அருகே வந்தார்.

“நீ சொல்றதுக்கு முன்னாடியே நானே கிளவுஸ் போட்டுக்கிட்டேன்,” என்றாள் வாண்டு. முகம் பெருமையில் மலர்ந்திருந்தது. “உன் டேப்லெட் அசிங்கமாகக் கூடாதுல்ல? நான் சமத்துதானே?”

அவள் பாராட்டுக்குக் காத்திருந்தாள். அவருக்கு மறுபடி குமட்டியது. ஆனால் இம்முறை அது பேனைப் பார்த்து வந்ததல்ல. அந்தக் கையுறைகளை, பெட்டியிலிருந்து அவற்றை முதலில் உருவி எடுத்த தன் கையை, அவர் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தார்.

“கழட்டுடா அதை,” என்றார். குரல் கரகரத்தது. “கண்ணாடிக்கு வெறும் விரல் பட்டாத்தான் தெரியும். தோல் படணும்.”

“அப்ப அழுக்காயிடுமே?”

“ஆகட்டும்.”

“துடைக்க மாட்டியா?”

“மாட்டேன்.”

அவள் நம்பாமல் பார்த்தபடியே கையுறைகளைக் கழற்றினாள். அவர் விரிப்பில் அவளுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து தொப்பியை எடுத்தார். மருந்து நெடியும் வியர்வையும் வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தன. வெறும் கையால் முடியை இரண்டாகப் பிரித்தார்.

இதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் எளிதாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. முடியின் அடியில் ஈர்கள் காய்ந்த பசைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் உருவினால் வழுக்கின. ஒரு பேன் அவர் விரலில் ஏறி மணிக்கட்டு வரை விறுவிறுவென்று நடந்தது. கையை உதறினார்.

“தப்பிச்சிடுச்சா?” என்றாள் வாண்டு ஆவலாக.

“என் சட்டைக்குள்ள போயிடுச்சு.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்தது தப்பவில்லை. இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் அது ‘டப்’பென்று உடைந்தது. நகத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. அவர் தொண்டைவரை வந்ததை விழுங்கினார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“ஏம்ப்பா ஒவ்வொண்ணுக்கும் உவ்வேங்கிற?”

“அசிங்கமா இருக்குடா.”

வாண்டுவின் கை டேப்லெட் மேல் அப்படியே நின்றது.

“நானா?”

“நீ இல்ல. பேன்.”

அவள் தலையைச் சொறிந்தாள்.

“பேன் என் தலையிலதானே இருக்கு?”

“ஆமா.”

“அப்ப?”

அவர் அடுத்த வகிட்டைப் பிரித்தார். “தலையைக் குனி,” என்றார்.

அவள் குனியவில்லை. தலையை அப்படியே பின்னால் சாய்த்து, ஈரும் பேனும் மருந்து நெடியுமாக அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டில் சாலைக்கு நடுவே ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினாள். அவர் உடம்பு ஒருமுறை விறைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். நகரவில்லை.