எங்கள் கல்லூரி முத்திரையும் என் எதிரியும்

அன்பான விசுவாசிகளே, போன வருஷம் ஜூலையில் என்னைக் கள்ளி என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். ஆண்டவர் அதிலிருந்து என்னைத் தூக்கி எடுத்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. அதையும் மறைக்கப்போவதில்லை.

நசரத்பேட்டைப் பக்கம் ஒரு வேதாகமக் கல்லூரி. அதன் அலுவலகத்தில் எனக்குப் பத்தொன்பது வருஷ வேலை. சான்றிதழ்களில் முத்திரை இடுவது நான்தான். மை தேவைப்படாத இரும்பு முத்திரை அது. காகிதத்தை நடுவில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் சின்னம் மேடாக எழும்பும். திறந்த வேதம், மேலே ஒரு விளக்கு, அடியில் ஏர். முதல் மாணவர்கள் இந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அதனால்தான் ஏர்.

எங்களிடம் படிக்காத ஒருவர், எங்கள் சான்றிதழைக் காட்டி ஒரு சபையில் போதகராகச் சேர்ந்துவிட்டார். சபையார் சந்தேகப்பட்டுக் கேட்டு எழுதினார்கள். சான்றிதழில் முத்திரை இருந்தது. முத்திரையை வைத்துப் பூட்டும் பீரோவின் சாவி இருப்பதோ என்னிடம். பதிவாளர் எல்லார் முன்னிலையிலும், "சாவி உங்கிட்டதானே இருக்கு? அப்புறம் யாரும்மா குத்தினது, தேவதூதனா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோவில்பதாகையில் எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை. செத்துவிடலாம் போல இருந்தது. மூன்று வாரம் உபவாசம் இருந்தேன். 'என்னைக் காப்பாற்றும்' என்று கேட்கவில்லை. 'இதைச் செய்தவன் முகம் கறுக்க வேண்டும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்' என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் பயந்துபோனார்.

"இன்னாம்மே ஜெபம் இது? சாபம் உட்ற மாதிரி கீது."

"ஆண்டவராண்டதான உட்றேன்? தெருவுல நின்னா உட்றேன்?" என்றேன்.

விசாரணை நாளில்தான் அந்தச் சான்றிதழை முதன்முதலாக என் கையில் கொடுத்தார்கள். முத்திரையை விரலால் தடவினேன். விளக்கின் மேல் ஏதோ நெருடியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சுடர்!

எங்கள் முத்திரையில் விளக்குக்குச் சுடரே கிடையாது. கல்லூரியைத் தொடங்கியவர் வேண்டுமென்றே அப்படி வரைந்தார். விளக்கை நாம் கொடுக்கலாம், ஏற்றுகிறவர் ஆண்டவர் என்பது அவர் எண்ணம். சனிக்கிழமைதோறும் பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தேய்த்துத் துடைக்கிறவள் நான். என் விரலுக்குத் தெரியாதா? ஆனால் கல்லூரி லெட்டர்பேடில் இந்தச் சின்னத்தை அச்சடித்தவர், விளக்கு அணைந்து கிடக்கிறதே என்று தானாகவே ஒரு சுடரைச் சேர்த்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அந்த லெட்டர்பேடைப் பார்த்து யாரோ கள்ள முத்திரை செய்திருக்கிறார்கள். சான்றிதழையும் லெட்டர்பேடையும் அசல் முத்திரையின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

முதல்வர் உடனே கரையான்சாவடி முத்திரைக் கடைக்காரரை வரவழைத்தார். கல்லூரிக்கு எந்த ஸ்டாம்பு என்றாலும் அவர்தான் செய்வார். அவர் உள்ளே வந்தார், பதிவாளரைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், புது சீலு நல்லா பதியுதா? பழசு தேஞ்சி பூட்ச்சுன்னீங்களே!"

பதிவாளரின் முகம் அடுப்புக்கரி ஆனது. நான் ஆற அமரப் பார்த்தேன். ஸ்தோத்திரம்!

அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். போகும்போது என் மேஜைக்கு வந்து, "மன்னிச்சிடும்மா" என்றார். "ஆண்டவர்கிட்ட கேளுங்க சார். எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

இப்போது புது மாணவர்கள் சேரும் நாளில் முத்திரையின் வரலாற்றைச் சொல்வது நான்தான். அன்று சிரித்தவர்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். முன்பெல்லாம் ஆண்டவரிடம் நல்ல பிள்ளை மாதிரி நடித்துத்தான் ஜெபிப்பேன். இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உங்களையும் யாராவது அநியாயமாகத் தலைகுனிய வைத்திருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டாவது அவரிடம் போய்ச் சொல்லுங்கள். கேட்கிறார். நான் அதற்குச் சாட்சி.

எனக்காகவும் ஒரு ஜெபம் செய்யுங்கள். அந்த மனுஷரை மன்னிக்க எனக்கு மனம் வர வேண்டும். அவசரம் ஒன்றுமில்லை.