சின்னம்மாவைக் காட்டாத கனெக்டர்

தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டதுமே எங்கள் ரீவியில் படம் சதுரம் சதுரமாக உடையத் தொடங்கும். "படம் நொறுங்குது" என்று நானும் தங்கச்சியும் கத்த, அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து பெட்டிக்குப் பின்னாலுள்ள வயரை ஆட்டிப் பார்ப்பார். போர் முடிந்து நாங்கள் விசுவமடுவுக்குத் திரும்பிய காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. டிஷ் பூட்டியவர் மழைக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனதை நாங்களும் நம்பியிருந்தோம்.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, அடுத்த ஒழுங்கையில் தனியாக இருந்தார். போரின் கடைசி நாட்களில் அவருடைய கணவர் காணாமற்போனார். சித்தப்பாவை எங்கே, எப்படிக் கடைசியாகக் கண்டார் என்பதைச் சின்னம்மா அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால் எழும்பிப் போய்விடுவார். அந்த வருடம் கிளிநொச்சியில் காணாமற்போனவர்களின் உறவுகள் கூடியபோது, வெளிநாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றுக்காகக் கமராவோடு ஒருவர் வந்தார். அவரைத் தனியே கூப்பிட்டுச் சின்னம்மா பேசியிருக்கிறார். "எல்லாத்தையும் சொல்லிப்போட்டன் அக்கா. அவர் எங்கையாவது இருந்து பாத்தாலும் பாப்பார்" என்று அம்மாவிடம் சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் போடுவதாக அறிவித்திருந்தார்கள்.

அன்று சின்னம்மா முழுகி, நல்ல சேலை உடுத்து, நேரத்துக்கே வந்து கதிரையில் இருந்தார். காலையிலிருந்து தூறல். சின்னம்மாவின் முகம் திரையில் வந்தது. நெற்றி ஒரு சதுரத்திலும் வாய் இன்னொரு சதுரத்திலுமாக நின்றது. "நான் கண்டனான்" என்பது மட்டும் கேட்டது. பிறகு குரலும் அறுந்து, திரை நீலமாகிவிட்டது. அப்பா மழையோடு மழையாகக் கூரையில் ஏறி, வயரைப் பிடித்துப் படத்தைக் கொண்டுவந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா எழும்பிக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் அப்பா டிஷ்ஷில் வயர் சேரும் இடத்தைக் கழற்றினார். கையால் திருகி ஏற்றிய மெல்லிய கனெக்டர். உள்ளே இருக்கவேண்டிய றப்பர் வளையம் இல்லை. மேலே பேருக்கு ஒரு சுற்றுக் கறுப்பு ஒட்டுநாடா. தண்ணீர் இறங்கி, நடுச் செப்புக் கம்பி பச்சை பிடித்துப் போயிருந்தது. திங்கட்கிழமை அம்மா அதைப் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி டிஷ் பூட்டியவரின் கடைக்கே போனார். கடையின் கண்ணாடி அலுமாரியில் கனமான பித்தளைக் கனெக்டர்கள் வரிசையாக இருந்தன. இவற்றை ஏன் எங்களுக்குப் போடவில்லை என்று அம்மா கேட்டார்.

"அது கிளிநொச்சி ரவுண் வீடுகளுக்குப் போடுறதக்கா. உங்கட பக்கத்துக்கு இது காணும், இவ்வளவு போதும்."

"ஏன் தம்பி, எங்கட பக்கத்து மழை நனைக்காதோ?"

அவர் அலுமாரியிலிருந்து ஒரு பித்தளைக் கனெக்டரை எடுத்துப் புறம்பாக வைத்தார். மறுநாளே வந்து மாற்றினார். அதன்பிறகு எந்தத் தூறலுக்கும் படம் உடையவில்லை. எனக்கு ஆத்திரம் தணியவில்லை, கூடியது. இவ்வளவு சின்னப் பொருளா, இவ்வளவு சுலபமா என்று.

இப்போது வவுனியாவில் இருக்கிறேன். வீட்டுக்கு ரீவி லைன் இழுக்க வருபவர்களிடம் கனெக்டரை முதலில் கையில் வாங்கிப் பார்க்கிறேன்: பித்தளையா, றப்பர் வளையம் உண்டா, வயரின் தடிப்புக்குப் பொருந்துகிறதா, கருவியால் அழுத்திப் பூட்டியபின் இழுத்தால் கழலாமல் நிற்கிறதா. போன மாதம் வந்தவரும் "இது காணும் மிஸ்" என்றார். காணாது என்று திருப்பி அனுப்பினேன். அயலவர்கள் என்னைப் பொல்லாதவள் என்கிறார்கள், சொல்லட்டும்.

அந்தத் தொலைக்காட்சி மூடி வருடங்களாகின்றன. ஒளிப்பதிவைத் தேடிக் கேட்காத ஆளில்லை, ஒருவரிடமும் இல்லை. நான் வளர்ந்தபின், அன்று என்ன சொன்னீர்கள் என்று சின்னம்மாவிடமே ஒருமுறை கேட்டேன். "அதை ஒருக்காத்தான் சொல்ல ஏலும் பிள்ளை" என்றார். போன வருடம் சின்னம்மா காலமாகிவிட்டார். சித்தப்பாவை அவர் எங்கே கடைசியாகக் கண்டார் என்பது எங்கள் வீட்டில் இன்று ஒருவருக்கும் தெரியாது.