வெள்ளை அட்டை மறைத்த ஓரம்

உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய சாகசப் படக்கதையில் கடலுக்கு அந்தப் பச்சையைத் தீட்டியது யார்? பெயர் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தெரியாது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரத்துக் கண்காட்சிக் கூடத்தில் அன்று மாலை கூடிய இருநூறு ரசிகர்களுக்கும் தெரியாது. 'ஓவியர் ஃபிர்மினின் மனைவி' என்று சீட்டு ஒட்டிய முன்வரிசை நாற்காலியில், பூங்கொத்தும் கையுமாக கிலேன் உட்கார்ந்திருந்தாள். வயது எழுபத்தெட்டு. ஃபிர்மின் போய் ஆறு வருடமாகிறது. அவருடைய பத்தொன்பது புத்தகங்களுக்கும் சமையலறை மேசையில் நிறம் தீட்டியவள் அவள்தான். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. திங்கட்கிழமை புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது. அதிலாவது பெயர் வர வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

கண்காட்சியை நடத்தும் திபோ மேடையில் முழங்கினார்: "நம்ம கதாநாயகன் பறக்க மாட்டான், மலையைத் தூக்க மாட்டான். ரயிலைத் தவற விடுவான், மழையில நனைவான். அதனாலதான் அறுபது வருஷமா நம்புறோம்! கோடு, நிறம், எல்லாமே ஃபிர்மின் ஒருத்தர் கை!"

கைதட்டல். நரைத்த தாடிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. பறக்கும் வீரர்களைக் கேலி செய்கிற கூட்டம், ஒரே ஆள் பத்தொன்பது புத்தகத்தையும் தனியாக முடித்தார் என்பதை மட்டும் கேள்வியே இல்லாமல் விழுங்கியது. அந்த மழையை மழையாக்க கிலேன் எத்தனை சாம்பல் நிறம் கலந்தாள் என்று யார் கேட்டார்கள்?

அவள் எழுந்து, அசல் பக்கங்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்த சுவரருகே போனாள். ஃபிர்மின் வரைந்ததைத் தடித்த தாளில் வெளிர்நீலக் கோடாக அச்சிட்டு வரும் பக்கத்தின் மேல்தான் அவள் வண்ணம் தீட்டுவாள். ஓரத்தில் தூரிகையைத் துடைப்பாள். மறக்காமலிருக்க, வாங்க வேண்டியதையும் அங்கேயே எழுதி வைப்பாள். இப்போது சட்டத்துக்குள் அந்த ஓரத்தை வெள்ளை அட்டை மூடியிருந்தது.

"தம்பி, இந்த அட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு மதாம்? வெறும் ஓரம்தானே, ஒரே அழுக்கு."

"அந்த அழுக்கைத்தான் பார்க்கணும். கழட்டுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் திபோ கழற்றினார். ஓரமெல்லாம் வண்ணத் தீற்றல்கள். நடுவே பென்சில் எழுத்து: உருளைக்கிழங்கு இரண்டு கிலோ, வெண்ணெய், மாமியாருக்கு இருமல் மருந்து.

"இது ஃபிர்மினே எழுதினதா இருக்கலாமே?" என்றார் திபோ.

"அவருக்கு ஏது மாமியார்? எங்க அம்மா எனக்குப் பத்து வயசுலயே போயிட்டாங்க. அப்புறம், அந்த மனுஷன் ஆயுசுல ஒரு உருளைக்கிழங்காவது வாங்கியிருப்பாரா?"

பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். கிலேன் முன்வரிசையிலிருந்த பதிப்பகத்துக்காரரிடம், புதிய பதிப்பில் தன் பெயரைப் போடச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "முகப்புப் பக்கத்துல இடமில்ல மதாம். கடைசிப் பக்கத்துல 'மனைவிக்கு நன்றி'ன்னு போட்டுடலாம்."

"நன்றியை நீங்களே வெச்சுக்குங்க. எனக்குப் பேர் இருக்கு." பூங்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு அவள் டிராம் பிடிக்கப் போனாள்.

புதிய பதிப்பு வந்துவிட்டது. 'மனைவிக்கு நன்றி' கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கிலேன் என்ற பெயர் எங்கும் இல்லை. நீங்கள் எழுந்து அலமாரியைத் திறங்கள். உங்கள் புத்தகத்தில் நிறம் தீட்டியவர் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால், 'யார் அவர்?' என்று கேட்டு இன்றைக்கே பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.