நாலு மணிக்கு எடுக்க வேண்டியவர்

போன வாரம் வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கினேன். ஒயரைச் செருகிவிட்டு, மல்லுக்கட்டத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், 'தயார்' என்கிறது திரை. ஒரு கேள்வி கிடையாது. கம்ப்யூட்டரில் இருப்பது அந்தக் காலத்து அதே லினக்ஸ்தான். சூடாக ஒரு தாளைத் துப்பியது. மையும் தாளும் லேசாகக் கருகுகிற அந்த வாசனை இருக்கிறதே, எனக்கு அது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வறுக்கிற வண்டி, அதன் புகைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, எங்கள் கடை.

எங்கள் என்றால் நானும் ஏழுமலையும். டைப்பிங், ஜெராக்ஸ், இண்டர்நெட். திருட்டு விண்டோஸ் கூடாது என்பது அவன் கட்சி. விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்ட அன்று கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினான். கோயில் பக்கமே போகாத நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதலாளி ஆகிவிட்ட மிதப்பு.

பழைய பிரிண்டர் படுத்துப் புதியது வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் இறந்துவிட்டார். எங்கள் பக்கம் சாவு என்றால் முகம் போட்ட கண்ணீர் அஞ்சலியைச் சுவருக்குச் சுவர் ஒட்டியாக வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். மற்ற கடைகள் பூட்டிக் கிடந்தன.

புது பிரிண்டரின் பெயர் லினக்ஸில் இல்லை. கிட்டத்தட்ட இதே மாதிரி இன்னொரு மாடலை இயக்கும் டிரைவர் புரோகிராமை ஏழுமலை போட்டுப் பார்த்தான். பிரிண்டர் தாள் தாளாகக் கக்கியது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே ஒரு வரி, பூச்சி ஊர்ந்த மாதிரி. சரியான டிரைவரை இண்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். அது எறும்பாக வந்தது.

"டிராயர்ல விண்டோஸ் சிடி இருக்குடா. இன்னைக்கு ஒரு நாள் போட்டுக்கலாம்" என்றேன்.

"இன்னைக்குப் போட்டா நாளைக்கும் அதான். கம்முனு இரு."

"எத்தையாவது போடு தம்பி," என்றார் வந்தவர். "அண்ணன நாலு மணிக்கு எடுக்கறாங்க. வெளியூருல பாதிப் பேருக்குத் தெரியாது."

"இதோ ஆயிடுங்க," என்றான் ஏழுமலை.

ஆகவில்லை. கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பான், அது இன்னொன்று வேண்டும் என்னும், அதையும் இறக்குவான். அவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் இங்க நின்னுக்கினு இருந்தா அங்க கொள்ளி யாரு வைக்கிறது" என்று போய்விட்டார்.

நாலு மணி தாண்டித்தான் டிரைவர் ஏறியது. பிசிறில்லாமல் அந்த மனிதரின் முகம் வந்தது, மீசையின் நரை வரைக்கும். ஏழுமலை தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். "பாத்தியா மச்சி, வந்துருச்சு."

அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க முடியவில்லை. "யாருக்குடா வந்துச்சு?"

அவன் தாள்களை அள்ளிக்கொண்டு சைக்கிளில் போய் ஒலக்கூர் ரோடு முழுக்க ஒட்டிவிட்டு வந்தான். மறுநாள் காலை பஸ்ஸில் போன பெண்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு இறங்கி ஓடினார்களாம். அங்கே முந்தின நாளே எடுத்து, வாசல் கழுவிவிட்டிருந்தது.

அந்த வாரமே நான் சிடியைப் போட்டேன். ஏழுமலை தன் கீபோர்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையை விட்டுப் போனவன்தான்.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். சாவுச் செய்தி வாட்ஸப்பில் வந்து கட்டைவிரலுக்கு அடியில் நழுவிப் போகிறது. ஏழுமலை விழுப்புரத்தில் ஏதோ ஏஜென்சியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தேடிப் போய்ச் சண்டை போடலாம் என்று பார்த்தால், கோபமும் என்னிடம் மிச்சமில்லை.