வீட்டுக்காரர் வந்திருந்தார்

எங்கள் எதிர்வீட்டு டெய்லரக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரவிக்கை தொளதொள என்றிருக்கிறதே என்று போய் நின்றால், "நீ இளைச்சதுக்கு நான் என்ன பண்ண?" என்பாள். அவள் கணவர் கொத்தனார்; காதில் எப்போதும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். பின்பக்கம் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் வீட்டு லோன் தானாக அடையும், வீட்டு மதிப்பும் ஏறும் என்று ஆரம்பித்தவர் அவர்தான். நாலு சுவரை எழுப்பிவிட்டு, கூரை போடும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அக்கா அசரவில்லை. இரண்டு வருடம் மெஷினை மிதித்து மிதித்தே கூரை போட்டாள், பூசினாள், தனிக் குழாய், தனி வாசல் எல்லாம் வைத்தாள். கொழுந்தன் மட்டும், "வித்துட்டு எங்களோட வந்துடுங்க அண்ணி" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். வாடகை வந்து லோன் அடையாவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போர்ஷனுக்குக் குடிவந்தவள் ஒரு நர்ஸ். தான் தனியாள் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஏறி மிதிப்பார்கள் என்று பயந்து, அவளிடம் "எங்க வீட்டுக்காரர் வேலை விஷயமா அலைஞ்சிட்டிருப்பார்" என்று அக்கா ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

இருபது நாள் இருக்கும். நான் துணி கொடுக்கப் போயிருந்தபோது, ட்யூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ் வாசலில் நின்றாள்.

"மத்தியானம் வீட்டுக்காரர் வந்திருந்தார்க்கா. ஒரு வார்த்தை பேசலை. சுவத்துக்குத் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டார்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. கொழுந்தன்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி வந்து போயிருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். உடனே போனைப் போட்டு மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கினாள். "கால் ஒடிஞ்சு ஒரு வாரமா படுத்திருக்கேன் அண்ணி" என்றார் அவர்.

"ஆள் எப்படி இருந்தார்?" என்று நான்தான் நர்ஸைக் கேட்டேன்.

"காதுல பென்சில் சொருகியிருந்தார். சுவத்தைத் தட்டித் தட்டிக் காது வச்சுக் கேட்டார்."

அவள் போனதும் பின்னால் போய்ப் பார்த்தோம். பூசி ஒரு வருடமான சுவர் ஆளுயரத்துக்கு நனைந்திருந்தது. வாளி காய்ந்து கிடந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அக்கா அழவில்லை. "இத்தனை நாள்ல என்னை வந்து பார்க்கத் தோணலை. சுவரைப் பார்க்க மட்டும் வழி தெரியுதா?" என்று பல்லைக் கடித்தாள்.

உண்மை தெரிந்தால் நர்ஸ் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள். பேய் வீடு என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் குடிவர ஒரு ஈ காக்கா கிடைக்காது. மறுநாளே, "முன்பக்கம் நல்லா காத்து வரும், அதே வாடகைதான்" என்று நர்ஸை முன்வீட்டுக்கு மாற்றிவிட்டு, மெஷினோடு பின்னால் போய்விட்டாள் அக்கா. பாதி பயம், பாதி பொறாமை என்பேன் நான்.

ஒரு வாரம் சுவர் காய்ந்தே இருந்தது. தைக்க வந்த துணியெல்லாம் குவிந்து கிடக்க, அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் நர்ஸ் பின்வாசலுக்கு வந்தாள்.

"வீட்டுக்காரர் முன்பக்கம் வந்திருந்தார்க்கா. இன்னைக்குத்தான் வாயைத் திறந்தார். 'அவ எங்கே'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?" அக்கா சட்டென்று எழுந்தாள்.

"பின்னாடி இருக்கீங்கன்னு சொன்னேன். 'வேலையெல்லாம் நல்லா முடிச்சிருக்கா, போதும். நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்'னார். எங்கக்கா போறீங்க ரெண்டு பேரும்? இனிமே வாடகையை நான் யார்கிட்ட கொடுக்கணும்?"