தர்மன் கழுவிய ஜீப்

1946இல் பட்டாளத்திலிருந்து விக்கிரமங்கலத்துக்குத் திரும்பியபோது தர்மனுக்கு வயது இருபத்தெட்டு. கையில் ஒரு தகரப் பெட்டி, லாரி ஓட்டத் தெரியும் என்ற பெயர், அவ்வளவுதான். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அதே வருஷம் பண்ணையார் வைரக்கண்ணு திருச்சியில் ஏலத்தில் எடுத்தார். ஓட்டுவதற்கு ஊரில் வேறு ஆள் இல்லை. அப்பன் ஏர் ஓட்டிய பண்ணையில் மகன் ஜீப் ஓட்டினார்.

மழை விழுந்தால் குன்னம் பக்கத்துக் கரிசலில் மாட்டு வண்டியே புதைந்துவிடும். ஜீப் உறுமிக்கொண்டு ஏறி வந்துவிடும். வரும்போது அரை வயலை அடியில் அப்பிக்கொண்டு வரும். அந்தச் சேறு காய்ந்தால் சக்கரத்துக்குள் கல்லாக இறுகும், பிரேக் பிடிக்காது. சேற்றில் இறங்கினால் அன்றைக்கே கழுவு, வெறும் புழுதிக்கு வாரம் ஒரு தடவை போதும் என்பது பட்டாளத்துப் பாடம். தர்மனுக்கு அது போதவில்லை. பக்கத்து ஊருக்குப் போய் வந்தாலும் ஏரிக்கரையில் நிறுத்தி, குடம் குடமாக ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன், என்ஜினில் நெருப்புப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன மூடியின் மேல் எண்ணெய்த் துணியைச் சுற்றுவார். அது நனைந்தால் வண்டி கிளம்பாது.

“என்ன தர்மா, ஜீப்புக்கு இன்னிக்கு எண்ணெய்க் குளியலா?” என்று துணி துவைக்க வந்தவர்கள் கேட்பார்கள்.

அவர் மனைவி காத்தாயி விடமாட்டாள். “அந்தச் சனியனுக்கு ஊத்துற தண்ணியில பாதி ஊத்தியிருந்தா என் பூசணிக்கொடி கூரை ஏறியிருக்கும்ய்யா. நானுந்தான் வாக்கப்பட்டு வந்தேன், ஒரு நாளாச்சும் அதுல ஏத்தியிருக்கியா?”

அவர்கள் தெருவில் யாரும் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஏற்றுவதும் வழக்கமில்லை. “ஐயாகிட்ட கேட்டு ஒரு நாள் ஏத்துறேன். நல்லா கழுவிட்டு ஏத்துறேன், பாரு” என்பார் தர்மன்.

“கழுவுறதுக்குள்ள நான் கிழவியாயிருவேன்.”

மறு வருஷம் ஐப்பசியில் காத்தாயிக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட அன்று காலையில் தர்மன் ஊரில் இல்லை. பண்ணையாரின் பங்காளி ஒருவர் அரியலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோக, உடலை ஜீப்பில் ஏற்றி தா.பழூருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பண்ணையாருடன் திரும்பிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் ஏரிக்கரைக்கு வந்தபோது காத்தாயியின் தம்பி ராசாங்கம் எதிரே ஓடி வந்தான்.

“மாமா, புள்ள குறுக்கால கெடக்காம். கை வெளியில வந்துருச்சு. அரியலூர் கொண்டு போனாத்தான் உண்டுன்னு கொளஞ்சியம்மா சொல்லிருச்சு.” கொளஞ்சியம்மாள் அந்தத் தெருவின் மருத்துவச்சி.

பண்ணையார் வண்டியிலிருந்து குதித்தார். “நிக்காதடா, எடுத்துட்டுப் போ.”

“சாவு ஏறுன வண்டிங்க ஐயா. புள்ளத்தாச்சிய எப்படிங்க ஏத்துறது? ஒரு தண்ணி ஊத்திட்டு ஓடிர்றேன்.”

“அவசரத்துக்கு தோஷம் பாக்காதடா.”

தர்மன் தோஷம் பார்த்தார். இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைக்கு ஊற்றாமல் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு கெடுதல் காத்தாயியை நெருங்காமல் தன்னால் தடுக்க முடியும் என்று அவர் நம்பினார். ராசாங்கமும் நம்பினான், அவன்தான் குடத்தில் மொண்டு கொடுத்தான். தீட்டுக் கழிக்கத் தலையிலிருந்துதானே ஊற்ற வேண்டும்? வண்டிக்குத் தலை முன்பக்கம். தர்மன் முன்மூடியைத் திறந்து உள்ளேயும் ஊற்றினார். எண்ணெய்த் துணி இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.

வண்டி கிளம்பவில்லை.

கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். பொறி பிரிக்கும் சின்ன மூடியைக் கழற்றி வேட்டியால் துடைத்தார், வாயால் ஊதினார். வேட்டியும் ஈரம். வானம் மூடிக் கிடந்தது. ராசாங்கம் நாலு பேரைச் சேர்த்து வண்டியைத் தள்ளினான். சேற்றில் சக்கரம் வழுக்கியது. பண்ணையார் வீட்டிலிருந்து காய்ந்த துணியும் தணலும் வந்தன. அதற்குள் தெருக்காரர்கள் காத்தாயியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். பொழுது சாயும்போதுதான் என்ஜின் உறுமியது.

ஜீப்பின் பின்பக்கம் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்தார்கள். கைக்கு எட்டிய தகரத்தைக் காத்தாயி தடவிப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

“கழுவிட்டியாய்யா?”

“கழுவிட்டேன் தாயி.”

அரியலூருக்குப் பாதி வழியில், “மாமா, நிறுத்து” என்று ராசாங்கம் பின்னாலிருந்து சொன்னான். தர்மன் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். நர்சம்மா வந்து கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். குழந்தையும் இல்லை.

அதே ஜீப்பில் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார். மறுநாள் அடக்கம் முடிந்ததும் வண்டியைப் பண்ணை வாசலில் விட்டுவிட்டுச் சாவியை நீட்டினார். சக்கரம் மறைய அப்பியிருந்த சேற்றைப் பண்ணையாரின் மனைவி கிருஷ்ணம்மாள் பார்த்தார். திட்ட வேண்டும் என்று கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“வண்டிய கழுவலையா தர்மா?”

“நேத்தே கழுவிட்டேங்கம்மா.”

கிருஷ்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பண்ணையார் இரண்டு முறை ஆள் விட்டுக் கூப்பிட்டும் தர்மன் வேலைக்கு வரவில்லை. மச்சான் ராசாங்கத்தோடு கடலைக் காட்டுக்குக் கூலிக்குப் போனார்.

தை மாதம் அரியலூரிலிருந்து நடராசன் என்று வேறொரு டிரைவர் வந்து சேர்ந்தார். அவர் ஜீப்பை வாரத்துக்கு ஒரு தடவை கழுவினார்.