என் வாய்க்கு வராத ஃபீஸ்

எங்கள் ஊர்ப்பக்கம் டாக்டருக்குக் கொடுத்தால் அது ஃபீஸ். வக்கீலுக்கும் டியூஷன் டீச்சருக்கும் ஃபீஸ். கொத்தனாருக்குக் கூலி, மில்லுக்குப் போனால் சம்பளம், கார் ஓட்டி வருகிறவருக்கு பேட்டா. சேலை கட்டிவிடுகிறவளுக்குக் கொடுப்பதற்கு என்ன பெயர் என்று ராஜபாளையத்தில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அதனால் எனக்குத் தேங்காயும் பழமும் ரவிக்கைத் துணியும் கிடைத்துக்கொண்டிருந்தன.

நான் கல்யாணப் பெண்களுக்குச் சேலை கட்டிவிடுகிறவள். முதல் நாளே பட்டுச்சேலையை வாங்கிவந்து, கொசுவத்தையும் முந்தியையும் மடித்து அயர்ன் போட்டு, கிளிப் மாட்டி வைத்துவிடுவேன். மறுநாள் மண்டபத்துக்குப் போனால் பத்து நிமிஷத்தில் கட்டி முடித்துவிடலாம். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. பழகும்போது என் கணவர்தான் பொம்மை. ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷன், பாதித் தூக்கத்தில் நின்றபடியே எத்தனை சேலை கட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

வேலை வந்தது, நல்ல பெயரும் வந்தது. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெரியம்மா ஒருவர் மணப்பெண்ணைச் சுற்றி வந்து பார்த்து, "பாகுந்தி, பாகுந்தி" என்று மெச்சி என் கன்னத்தைக் கிள்ளினார். காசு விஷயத்தில் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருமுறை பெரிய இடத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருப்பவர். "என் ஃபீஸ் ரெண்டாயிரம்" என்று ஒரு வாரம் சொல்லிப் பழகினேன். கண்ணாடியிடம் சொன்னேன், கேஸ் சிலிண்டரிடமும் சொன்னேன். அன்றைக்கு அதே அறையில் மதுரையிலிருந்து வந்திருந்த மேக்கப்காரப் பெண், தலையைக்கூடத் திருப்பாமல் தன் ஃபீஸைச் சொல்லி, நோட்டுகளை எண்ணிப் பையில் போட்டாள். அடுத்து பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

"ஒங்க ஃபீஸ் எம்புட்டும்மா?"

அந்தச் சொல்லையே அவர் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்களா பாத்துக் குடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி பார்த்துக் கொடுத்தார். தட்டில் இருநூற்றொரு ரூபாயும் ஒரு ரவிக்கைத் துணியும் இருந்தன. அவர் மேல் தப்பே கிடையாது. ரெண்டாயிரம் என்று சொல்லியிருந்தால் அதையும் சிரித்த முகமாகத்தான் கொடுத்திருப்பார். வீட்டுக்கு வந்து பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினேன். "எங்கிட்ட பேசுனா மட்டும் எட்டூருக்குக் கேக்குது, அங்க வாயத் தொறக்க முடியலையாக்கும்" என்றார் கணவர். அவருக்கும் கிடைத்தது.

பணம் குறைந்ததுகூடப் பெரிதில்லை. ஃபீஸ் என்று வாங்காதவரை நான் செய்வது வேலையே இல்லை. 'சும்மா இருக்க நேரத்துல சேல கட்டி விடுதா' என்றுதான் பேசுவார்கள். அதுதான் என்னைக் குடைந்தது.

பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். தெரியாதவர்கள் விசாரித்தால் போனில் 'ஃபீஸ் 2000' என்று அடித்து அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கை விரலுக்கு இருந்த தைரியம் வாய்க்கு இல்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்கு யார் அடித்து அனுப்புவது? நேரில் அல்லவா நிற்கிறார்கள்!

அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினி மகளின் கல்யாணம் வந்தது. மதினி என் கணவரின் அக்கா. இருபது வருஷமாக வீட்டின் முன்னறையில் ரவிக்கை தைக்கிறார். அவர் பேரம் பேசினால் காய்கறிக்காரர் கூடையையே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்ட வாய்! கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்க்கப் போயிருந்தேன். மெஷினை மிதித்துக்கொண்டே, "ஏட்டி, பொண்ணுக்கு மட்டுமில்ல, சம்பந்தி வீட்டுப் பொம்பளைக நாலு பேருக்கும் நீதான் கட்டிவிடணும்" என்றார்.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"பொண்ணுக்குக் கட்டுறது அத்தையோட சீரு மதினி. மத்த நாலு பேருக்கும் ஆளுக்கு எழுநூறு ரூவா ஃபீஸ்."

மெஷின் நின்றது.

"என்னது?"

"ஃபீஸ், மதினி. ஒரு சேலைக்கு முக்கா மணி நேரம் நின்னு மடிக்கேன். இடுப்பு ஒடியுது."

திட்டு விழும் என்று நின்றேன். மதினி ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கேட்டா குடுக்காகளாட்டி?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக மதினியும் தன் ரவிக்கைகளுக்கு விலை சொன்னதே இல்லை. அடுத்தவர் பொருளுக்குப் பேரம் பேசுகிற வாய், தன் வேலைக்கு, "அவியவிய வசதிக்குக் குடுக்கட்டும்" என்று மூடிக்கொள்ளும். நூறும் நூற்றைம்பதுமாக வந்ததை எண்ணாமல் டப்பாவில் போடுவார்.

"குடுக்காக மதினி. கேக்காட்டித்தான் குடுக்க மாட்டாக" என்றேன்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு டீச்சர் லைனிங் ரவிக்கையை வாங்க வந்தார். போட்டுப் பார்த்துவிட்டு, "கச்சிதமா இருக்கு. எம்புட்டுக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மதினி கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஃபீஸ் அறுநூறு!"

பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைக் கூவுகிற கண்டக்டருக்கு இருக்கும் அந்தச் சத்தம். டீச்சர் பர்ஸைத் திறந்து அறுநூறை எடுத்துக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு துணி கெடக்குக்கா, நாளைக்குக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். வேறு எதுவுமே நடக்கவில்லை.

மதினி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, என் தோளில் பளாரென்று ஒரு அடி வைத்து, விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இருபது வருஷம், ஏட்டி" என்றார்.